பால்குடிப் பிள்ளைக்கு எதற்குப் படமாளிகை?

பத்திரிகையொன்றின் வாசகர் கடிதப் பக்கத்துக்குச் சில வருடங்கள் நான் பொறுப்பாக இருந்திருக்கின்றேன். பேரூந்து நடத்துநர் தராத மிச்சக்காசு, தபால் கந்தோரின் தாமதம், கோயில் ஒலிபெருக்கி என்று ஓயாமல் வந்துசேரும் முறைப்பாடுகளுக்கிடையே, சில மாதங்களுக்கு ஒருமுறை தவறாமல் இன்னொரு கடிதமும் வரும். தியேட்டரில் குழந்தையொன்று வீரிட்டு அழுததால் படத்தைப் பார்க்க முடியவில்லை, கைக்குழந்தையுடன் வருவோரை உள்ளே விடக்கூடாது என்பது அதன் சாரம். அதனைப் பிரசுரித்தால் அடுத்த வாரமே மறுப்பு வந்துவிடும். பிள்ளை பெற்றவள் படம் பார்க்கக் கூடாதா, அவளும் மனிதப் பிறவி இல்லையா என்று அதில் கேட்டிருப்பார்கள். அதையும் பிரசுரித்துவிட்டு, இவ்விவாதம் இத்துடன் முற்றுப்பெறுகின்றது என்று ஆசிரியர் பெயரில் ஒரு வரி போட்டு நான் கதையை முடித்துவிடுவேன்.

அவ்வாறு நான் முடித்துவைத்த விவாதங்கள் எதிலும் மூன்றாவது தரப்பு ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. ரிக்கற் வாங்கியவரின் உரிமை ஒரு பக்கம், தாயின் உரிமை மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் மடியில் கிடந்த பிள்ளைக்கு அழத் தெரியுமேயன்றிக் கடிதம் எழுதத் தெரியாது. அந்தத் தரப்புக்காக இன்று எழுதுகின்றேன். பல வருடங்கள் பிந்தித்தான்.

என் கட்சி எதுவென்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகின்றேன். இன்று நமது பெருநட்சத்திரங்களின் படங்கள் ஓடுகின்ற அரங்குகளுக்குள் ஐந்து வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையையும் கொண்டுசெல்லக் கூடாது. கைக்குழந்தையை எக்காரணம் கொண்டும் கூடாது. பக்கத்து ஆசனக்காரரின் நிம்மதிக்காக நான் இதனைக் கூறவில்லை. அவர் கொடுத்த காசுக்கு இரண்டு வசனம் குறைவாகக் கேட்டால் உலகம் அழிந்துவிடாது. இப்போதைய சில படங்களில் வசனம் காதில் விழாமற் போவது ஓர் அனுகூலமுங்கூட. நான் பேசுவது பிள்ளையின் காதைப் பற்றியும் பிள்ளையின் பயத்தைப் பற்றியுமே.

2022 ஜூன் மாதத்தில் நடந்ததைச் சொல்கின்றேன். கொழும்பில் பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டிருந்த நாட்கள் அவை. சமையல் எரிவாயு கிடையாது. மின்சாரம் முறைவைத்து நிற்கும். கடையில் பால்மா வந்திருக்கின்றதென்று கேள்விப்பட்டால் ஒழுங்கை முழுவதும் அங்கே திரண்டுவிடும். அந்த நேரத்தில்தான் லோகேஷ் கனகராஜின் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' வந்தது. நானும் நண்பர் ஒருவரும், முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகாமல், நடந்தே தியேட்டருக்குப் போனோம். எந்தத் தியேட்டர் என்பது இங்கு அவசியமில்லை. எல்லா இடத்திலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது.

எங்களுக்கு முன்வரிசையில் ஓர் இளம் குடும்பம். கணவன், மனைவி, மனைவியின் மடியில் எட்டோ ஒன்பதோ மாதம் மதிக்கத்தக்க பெண்குழந்தை. பூப்போட்ட சட்டையும் நெற்றியோரத்தில் பெரிய கறுத்தப் பொட்டுமாக, விளக்கணையும்வரை பின்னால் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. படம் தொடங்கியது.

பார்த்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். கதாநாயகனுக்கு ஒரு பேரக்குழந்தை. அதற்கு இதயத்தில் கோளாறு. பெரிய சத்தம் கேட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தக் குழந்தையைச் சத்தத்திலிருந்து காப்பாற்றப் பாட்டன் படாத பாடு படுகின்றார். அரங்கு நிறைந்த சனம் அதற்கு உருகுகின்றது. திரையிலிருந்த குழந்தைக்காக நாங்கள் அவ்வாறு உருகிக்கொண்டிருக்கையில், அதே அரங்கின் முன்வரிசையில், இரத்தமும் சதையுமான ஒரு குழந்தை ஒவ்வொரு வேட்டுக்கும் உடம்பு விதிர்த்துத் திடுக்கிட்டுக்கொண்டிருந்தது. முதலில் சிணுங்கியது. பின்னர் மூச்சுப் பிடித்து அழுதது. பின்னாலிருந்து ஒருவர் 'பிள்ளைக்குப் பாலைக் குடு' என்றார். இன்னொருவர் 'வெளியில கொண்டுபோங்கோவன்' என்று கத்தினார். தாய் குழந்தையின் ஒரு காதைத் தன் மார்போடு அழுத்தி, மறுகாதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, குனிந்தபடி இருந்தாள்.

இடைவேளைக்குச் சற்று முன்னர் அவள் எழுந்து வெளியே போனாள். கணவன் எழும்பவில்லை, அவள் இறங்கிப்போக வழிவிட்டுக் கால்களை மடக்கிக்கொண்டான், அவ்வளவுதான்.

இடைவேளையில் வெளியே வந்தபோது நடைகூடத்தின் ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை தோளில் விக்கி விக்கி நித்திரையாகியிருந்தது. "தங்கச்சி, இருக்கக் கதிரை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டேன். "பரவாயில்லை ஐயா. இருந்தால் எழும்பிடுவா. நிண்டு ஆட்டினால்தான் நித்திரை" என்றாள். பிறகு, நான் கேளாமலே, யாரோ தன்னைக் குற்றம் சொன்னதுபோல, "வீட்டில கரண்டும் இல்லை ஐயா, பிள்ளை வேர்த்து ஒழுகுது. இஞ்சை ஏசி இருக்கெண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்" என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல? மணி அடித்தது. நான் உள்ளே போய் மிகுதிப் படத்தையும் பார்த்தேன்.

இதை யாரிடம் சொன்னாலும், எங்கள் தலைமுறையினர் ஒரே பதிலைத்தான் தருகின்றார்கள். நாங்களும் அப்படித்தானே வளர்ந்தோம், எங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று? உண்மை. என்னையும் என் தாயார் ஆறுமாதப் பிள்ளையாக மடியில் வைத்து எம்.ஜி.ஆர். படம் பார்த்ததாகச் சொல்லியிருக்கின்றார். யாழ்ப்பாணத்தில் வின்சர், ராஜா, மனோஹரா, ராணி, லிடோ என்று தியேட்டர்கள் அமர்க்களமாக இருந்த காலம். பகற்காட்சிக்குப் பெண்கள் அயலட்டையோடு சேர்ந்து போவார்கள். பிள்ளைகள் அழும், கச்சான் கோதுகள் நொறுங்கும், கலரியிலிருந்து விசில் பறக்கும், பக்கத்திலிருக்கும் கிழவி யாரென்று தெரியாத பிள்ளையை வாங்கித் தன் மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பாள். படமாளிகை அப்போது பாதி கோயில் திருவிழா. பிள்ளையின் அழுகை அந்தச் சந்தடியில் ஒரு சேர்மானம்.

ஆனால் அந்தத் தியேட்டரின் சத்தம் எங்கிருந்து வந்தது? திரைக்குப் பின்னால் வைத்திருந்த ஒலிபெருக்கியிலிருந்து. ஒலித்தடம் மோனோ. சண்டைக் காட்சியில் கன்னத்தில் விழும் அறைகூட, பக்கத்து வீட்டில் பலகை விழுந்ததுபோலத்தான் கேட்கும். கதவுத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பிள்ளையோடு வெளியே போய்வரலாம். 1990களின் நடுப்பகுதியில் டிடிஎஸ், டொல்பி என்று வந்தபின் நிலைமை வேறாகிவிட்டது. 2012இல் 'சிவாஜி'யின் முப்பரிமாணப் பதிப்பு டொல்பி அட்மோஸ் ஒலியுடன் வந்தது. இப்போது சத்தம் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. பக்கச் சுவரிலிருந்து வருகின்றது, முதுகுக்குப் பின்னாலிருந்து வருகின்றது, கூரையிலிருந்து இறங்குகின்றது. அடித்தொனி ஆசனத்தின் வழியே முள்ளந்தண்டுக்கு ஏறுகின்றது. கதவுகள் தடித்தவை, வெளியுலகம் கேட்காது. நாங்கள் வளர்ந்த தியேட்டரும் இதுவும் ஒன்றென்று சொல்பவர் பெயரை மட்டும் பார்க்கின்றார்.

கணக்கைப் பார்ப்போம். நான் கலைப்பீடத்தில் படித்தவன். பௌதிகம் எனக்குத் தூரம். ஆயினும் இது அவ்வளவு கடினமான கணக்கல்ல. திரையரங்கின் ஒலியை ஒழுங்குசெய்யும் தொழில்நுட்பவியலாளர்கள், திரைக்குப் பின்னாலுள்ள ஒவ்வொரு ஒலிவழியையும் 85 டெசிபல் என்ற அடிப்படை மட்டத்தில் வைக்கின்றார்கள். அதற்கு மேல் 20 டெசிபல்வரை எழும்ப இடமிருக்கும். அதாவது ஒரு வழியில் மட்டும் உச்சம் 105, அடித்தொனிக்கு 115வரை. உச்சம் சில கணங்களுக்குத்தான் வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இன்றைய படத்தில் சண்டை எவ்வளவு நேரம், நாயகன் நடந்துவருவதற்கான இசை எவ்வளவு நேரம் என்று நீங்களே மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், வளர்ந்த தொழிலாளிக்கு 85 டெசிபலில் 8 மணித்தியாலம் என்று எல்லை வைத்திருக்கின்றது. மூன்று டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு அனுமதி 15 நிமிடம். இரும்புப் பட்டறையில் சுத்தியல் பிடிக்கும் முழு மனிதனுக்கான எல்லை இது.

குழந்தைக்கு? குறைமாதக் குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் விசேட பிரிவுகளில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 1997இலேயே அறிவுறுத்தியது. ஒன்பது மாதப் பிள்ளை குறைமாதப் பிள்ளையல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் பச்சைக் குழந்தையின் செவிக்குழாய் ஒடுங்கியது, குறுகியது. ஒரே சத்தம் நமது செவிப்பறையைவிட அதன் செவிப்பறையில் கூடுதலான அழுத்தத்தைக் கொடுக்கக்கூடியது. உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்கள் செத்தால் மனிதரில் மறுபடி முளைப்பதில்லை. வளர்ந்தவனுக்கு இரைச்சல் தாங்கவில்லையென்றால் எழுந்து போவான். ஐந்து வயதுப் பிள்ளை 'அப்பா, காது நோகுது' என்னும். ஒன்பது மாதத்தால் என்ன செய்ய முடியும்? அழமுடியும். அழுதால், பாலைக் குடு என்பார்கள்.

"பிள்ளை முழுப் படமும் நித்திரைதானே, ஒரு கரைச்சலும் இல்லை" என்று பெருமைப்படும் பெற்றோரும் இருக்கின்றார்கள். கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு என்ன உண்டு? நித்திரையிலும் காது திறந்துதான் கிடக்கின்றது.

இவ்வளவும் பேசுகின்ற நான் யோக்கியனா என்று கேட்பீர்கள். இல்லை. 2004இல் என் மகளுக்கு இரண்டரை வயது. சமாதான காலம், கொழும்பில் விஜய் படமொன்றுக்கு மூவருமாகப் போனோம். அரைமணி நேரத்தில் பிள்ளை என் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்று அழத் தொடங்கிவிட்டாள். மனைவி எழும்பினார். நான் அவர் கையைப் பிடித்து இருத்தி, "கொஞ்ச நேரத்தில பழகிவிடும்" என்றேன். பழகவுமில்லை, நாங்கள் எழும்பவுமில்லை. அதன் பிறகு பல வாரங்கள் வீட்டில் குக்கர் விசிலடித்தால் மேசைக்கடியில் ஓடிப்போய் இருப்பாள். அவளுக்கு இன்று அது நினைவில் இல்லை; எனக்கு இருக்கின்றது. அந்தச் சொல்லும் இருக்கின்றது. பழகிவிடும்.

ஏனென்றால் அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது தியேட்டரில் அல்ல. 1990க்கும் 1995க்கும் இடைப்பட்ட யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வீட்டுக்கு ஒரு பதுங்குகுழி. பொம்மர் இரையத் தொடங்கினால் உள்ளே பாயவேண்டும். காதைப் பொத்து, வாயைத் திற என்பது பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடத்துக்கு முன்னரே சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். எங்கள் அயலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தார். பதுங்குகுழிக்குள் கொண்டுபோவதற்கென்று ஒரு துணிப்பை எப்போதும் கதவடியில் தொங்கும். அதில் தண்ணீர்ப் போத்தல், மெழுகுதிரி, பிள்ளையின் மாற்றுத் துணி, அவற்றோடு ஒரு பிடி பஞ்சு. பஞ்சு பிள்ளையின் காதுக்கு. அது கிடைக்காத வேளையில், ஒரு காதை மார்போடு அழுத்தி மறுகாதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்திருப்பார். "செல் சத்தம் பிள்ளைக்குப் பழகிவிடும் அக்கா" என்று யாரோ ஒருநாள் ஆறுதலாகச் சொன்னபோது, அவர் சொன்னவளை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

கொழும்புத் தியேட்டரில் அந்த இளம்பெண் குனிந்திருந்தபோது, இந்த இருப்பை எங்கோ கண்டிருக்கின்றேனே என்று எனக்குள் ஏதோ இடித்தது. வீட்டுக்கு நடந்துவரும் வழியில்தான் அது எங்கே என்று பிடிபட்டது.

யுத்தத்தையும் பொழுதுபோக்கையும் ஒரே தராசில் வைக்கின்றேனா என்று நண்பர் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. அங்கே உயிர் போகும், இங்கே போகாது. இந்த வேறுபாடு எனக்குத் தெரியும், நண்பருக்கும் தெரியும். ஒன்பது மாதக் குழந்தைக்குத் தெரியுமா? வெளிச்சம் வெட்டுகின்றது, இடி விழுகின்றது, தாயின் நெஞ்சு படபடக்கின்றது. இது கமல்ஹாசன், இது வெறும் வேட்டு என்று யார் அதற்குச் சொல்லிவைத்திருக்கின்றார்கள்? குண்டுச் சத்தத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றக் குழி வெட்டிய சனம், அதே சத்தத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோக இன்று வரிசையில் நின்று காசு கட்டுகின்றது. அன்று வேறு வழியில்லை, பஞ்சைத் தேடினோம். இன்று வேறு வழியிருக்கின்றது. ஒருவருக்கும் பஞ்சு நினைவில்லை.

அடுத்தது தகப்பன்மார். இது எனக்கும் சேர்த்துத்தான். இந்த விவாதத்தை நாம் எப்போதும் தாய்க்கும் சபைக்கும் இடையிலான வழக்காகவே நடத்துகின்றோம். பிள்ளை பெற்றவள் மூன்று வருடம் படமே பார்க்கக் கூடாதா என்று கேட்கும் பெண்ணியவாதிகளுடன் எனக்குப் பகையில்லை. பார்க்கவேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை ஏன் எப்போதும் பார்வையாளரிடம் கேட்கின்றீர்கள்? பக்கத்து ஆசனத்தில் கால்களை மடக்கிக்கொண்டு இருக்கின்றானே, அவனிடம் கேளுங்கள். சனிக்கிழமை அவன் பிள்ளையோடு வீட்டில் இருக்கட்டும். அவள் தங்கையோடோ சிநேகிதியோடோ போய்வரட்டும். ஞாயிறு அவன் போகட்டும். இரண்டு ரிக்கற்றுக்கு மேல் ஒரு சதமும் கூடச் செலவாகாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எங்களுக்கு யாருமில்லை என்று தகப்பனொருவர் சொல்லும்போது, தன்னை அவர் ஓர் ஆளாகவே கணக்கிடவில்லை என்பது அவருக்குத் தெரிவதில்லை.

தாய் குழந்தையோடு வெளியே நிற்க, தகப்பன் உள்ளே இருப்பதற்கு அவள் கொடுத்த ரிக்கற் காசும் வீண்தானே என்று என் மனைவி கேட்டார். கணக்காளரின் மகள்.

இனித் தியேட்டர்காரர்கள். வாசலில் நிற்பவரிடம் ஒருமுறை நான் விசாரித்தேன். "கைப்பிள்ளைக்கு ரிக்கற் இல்லை ஐயா, பிறகு எப்படி நாங்கள் மறிக்கிறது?" என்றார். ரிக்கற் இல்லாதவன் அவர் கண்ணுக்கு ஆளில்லை. ஆனால் அந்த ரிக்கற் இல்லாதவன் கையில் இருக்கும்வரைதான் பின்னாலே இரண்டு ரிக்கற் வரும் என்பது முதலாளிக்கு நன்றாகவே தெரியும்.

நான் வெறும் ஊகத்தில் பேசவில்லை. 2024 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹைதராபாத்தின் சந்தியா திரையரங்கில் 'புஷ்பா 2' சிறப்புக் காட்சியின்போது ஏற்பட்ட நெரிசலில் ஒரு தாய் உயிரிழந்தார். அவருடைய சிறுவயது மகன் படுகாயமடைந்தான். அடுத்த மாதம் தெலங்கானா உயர் நீதிமன்றம், 16 வயதுக்குட்பட்டோரைக் காலை 11 மணிக்கு முன்னரும் இரவு 11 மணிக்குப் பின்னரும் திரையரங்குகளில் அனுமதிக்கலாகாது என்று உத்தரவிட்டது. என்ன நடந்தது? பல்திரை அரங்குக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 மார்ச்சில் அந்தத் தடை விலக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரஜினிகாந்தின் 'கூலி' இந்தியாவில் வயது வந்தோருக்கு மட்டுமான 'ஏ' சான்றிதழுடன் வெளிவந்தது. படத்தைத் தயாரித்தவர்கள் அதனைத் தளர்த்தி 'யு/ஏ' தரும்படி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள், மனு தள்ளுபடியாயிற்று. வன்முறை மிகுந்த ஒரு படத்தைச் சிறுவர்களும் பார்க்கவேண்டும் என்பதற்காக வழக்காடுகின்ற தொழில் இது. குடும்பத்தோடு வாருங்கள் என்று சுவரொட்டி அழைக்கும்போது, எதற்கு அழைக்கின்றார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

2023இல் இந்தியா சட்டத்தைத் திருத்தி, 'யு/ஏ'வை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்தது. நல்லதுதான். எனினும் அவை பெற்றோருக்கான ஆலோசனை மாத்திரமே; பெற்றோர் கூட்டிவந்தால் வாசலில் மறிப்பாரில்லை. பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கே 15 என்று சான்றிதழ் பெற்ற படத்துக்கு 15 வயதுக்குக் குறைந்தவரை, தாய் தகப்பனோடு வந்தாலும், அனுமதிக்க முடியாது. அனுமதித்தால் தியேட்டரின் உரிமப்பத்திரத்துக்கே ஆபத்து. லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர், பிள்ளைகளோடு போய் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட கதையை என்னிடம் சொல்லிப் பொருமினார். தமிழ்ப் படமென்று தெரிந்தும் மறித்துவிட்டார்களாம். 'எங்கட பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போறதெண்டு அவங்கள் என்ன சொல்லுறது?' என்பது அவருடைய ஆத்திரம். நான் பதில் சொல்லவில்லை. அவர் வீட்டில் விருந்தாளியாக இருந்தேன். இப்போது சொல்கின்றேன். அண்ணை, அவங்கள் சொன்னது சரி.

தமிழ்ப் படம் என்றவுடன் அது குடும்பப் படம் என்று எண்ணும் பழக்கம் புலம்பெயர்ந்த நம்மவரிடம் ஊறிவிட்டது. ஊரின் மணம் வீசும் ஓர் இடம், பிள்ளைகளுக்கு நம் மொழி காதில் விழும் ஓர் இடம் என்று அவர்கள் போகின்றார்கள். அந்த ஏக்கத்தை நான் மதிக்கின்றேன். ஆனால் பிள்ளை அங்கே கற்றுக்கொள்ளும் தமிழ் எது என்பதையும் ஒருமுறை கவனியுங்கள். 'ஜெயிலர்' படத்தில் தலை துண்டாகிப் பறக்கின்றது. அதை 'யு/ஏ' என்று இந்தியா அனுப்பிவைத்தது.

பிள்ளை பெற்றவர்களைப் படமாளிகையிலிருந்து அடியோடு துரத்தவேண்டும் என்பதல்ல என் வழக்கு. வழி இருக்கின்றது, செலவும் அதிகமில்லை. 2022இல் திருவனந்தபுரத்தில், கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கூட்டுத்தாபனம் நடத்தும் கைரளி, ஸ்ரீ, நிளா வளாகத்தில், ஒலி புகாத கண்ணாடி அறையொன்றை அமைத்தார்கள். அழும் குழந்தையோடு உள்ளே போயிருந்து கண்ணாடிக்கூடாகப் படத்தைப் பார்க்கலாம். தொட்டிலும் உண்டு. பிரித்தானியாவில், கைக்குழந்தையோடு வருவோருக்கென்றே வாரநாட் பகலில் தனிக்காட்சிகள் நடத்தும் அரங்குகள் இருக்கின்றன. சத்தத்தைக் குறைத்து, விளக்கை முழுதாக அணைக்காமல் படத்தைப் போடுவார்கள். பிள்ளை அழுதால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். எல்லோர் மடியிலும் ஒன்று இருக்கின்றது. நமது யாழ்ப்பாணத்துப் பகற்காட்சியைத்தான் அவர்கள் வேறு பெயரில் நடத்துகின்றார்கள் என்று எனக்குத் தோன்றும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வாரநாட் காலைக் காட்சிக்கு எத்தனை ஆசனம் நிரம்புகின்றது என்பது முதலாளிமாருக்குத் தெரியும். ஒரு காட்சியை, ஒலியைப் பாதியாகக் குறைத்து, தாய்மாருக்கென்று ஒதுக்கினால் குடியா மூழ்கிவிடும்? குறைந்தபட்சம் நடைகூடத்தில் ஒரு கதிரையாவது போடலாம்.

அன்று 'விக்ரம்' முடிந்து விளக்கு எரிந்தபோது, நானும் நண்பரும் சனத்துக்குள் அகப்படாமல் முன்னதாகவே வெளியே வந்துவிட்டோம். அந்தப் பெண் அதே சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக நின்றிருக்கவேண்டும். கதவு திறந்தபோது உள்ளிருந்து வந்த இசையின் மிச்சத்துக்குக் குழந்தை தோளில் ஒருமுறை திடுக்கிட்டது. கை தானாகவே அதன் காதுக்குப் போயிற்று. கணவன் வந்து, "வா போவம், சனம் இறங்கமுந்தி" என்றான்.

"அந்தப் பேரப்பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை, இல்லை, தப்பிட்டுது."

"அப்பாடா" என்றபடி, அவள் தன் பிள்ளையின் காதிலிருந்து கையை எடுத்தாள்.